தாய்க்கோழிப் பண்ணையில் ஒரு பழுப்புக் கறை

"அக்கா, அப்படியே நில்லுங்க. திரும்பாதீங்க."

எனக்குப் பின்னால் நின்ற பண்ணைத் தொழிலாளி சாந்தியின் குரல். அந்தக் கொட்டகையில் யாரும் தணிந்து பேசுவதில்லை. சேவலும் பெட்டையும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். காலையிலிருந்து என்னிடம் கத்தியே பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குரலை இறக்கியதும் பயந்துவிட்டேன். பாம்பு ஏதோ என்று நினைத்தேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லீங். பின்னாடி பட்டிருக்குது."

"என்ன பட்டிருக்குது?"

அதற்குள் முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த தனம் எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகளைவிடக் கொஞ்சம் கூடுதலான வயது இருக்கலாம்.

"அட, இது பர்மாங்கனேட்டுங்க்கா!"

"உனக்கென்ன புள்ள தெரியும்? பாத்தாவே தெரியில? தலைக்கு ஊத்தற கறை இது."

"ஓரத்தப் பாருங்க சாந்தியக்கா, எப்படி வரி கட்டியிருக்குது. ரத்தம் இப்படியா காயும்?"

"எனக்குச் சொல்லிக் குடுக்கறியா நீ?"

இருவரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று, என் உடம்பைப் பற்றி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாதாடினார்கள். குனிந்து பார்க்க எனக்கும் வழியில்லை. கறை நான் பார்க்க முடியாத இடத்தில் இருந்தது.

உடுப்பு கெட்டுவிட்டதே என்பதல்ல என் கவலை. எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கடந்திருந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் நான் பார்க்கும் பெண் மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒரு வருஷம் வரலைன்னா முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் நீங்க இங்க வந்துரணும். பயப்பட வேண்டாம், ஆனா தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. சில பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதல்ல தெரியும்."

எனவே அந்தப் பழுப்புக் கறை என்ன என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கொட்டகை வாசலில் கை கால் நனைக்க வைத்திருக்கும் பர்மாங்கனேட் மருந்து என்றால் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ரத்தம் என்றால் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

கோழிக்கு நம்மேல் நம்பிக்கை இல்லை

நாமக்கல் பக்கம் எருமப்பட்டியைத் தாண்டி இருக்கிறது அந்தத் தாய்க்கோழிப் பண்ணை. கடைக்கு வரும் முட்டை வேறு, இங்கே இடும் முட்டை வேறு. இது குஞ்சு பொரிக்கப் போகும் முட்டை. அந்தக் குஞ்சுகள்தான் மற்ற பண்ணைகளுக்குப் போகும். வெளியிலிருந்து ஒரு நோய் உள்ளே வந்தால் மந்தை மொத்தமும் போய்விடும். ஆகவே உள்ளே போகும் மனிதரைத்தான் அவர்கள் முதலில் சந்தேகப்படுகிறார்கள்.

ஒரு கட்டுரைக்காக உள்ளே போய்ப் பார்க்க மாதக்கணக்கில் அனுமதி கேட்டுக் கிடைத்த நாள் அது. வாசலில் மேற்பார்வையாளர் முருகேசன் விதிகளைச் சொன்னார். செல்பேசி கூடாது. கைப்பை கூடாது. கைக்கடிகாரம், ஹேர்பின், செருப்பு எதுவும் கூடாது. உடுத்தியிருப்பது அத்தனையும், உள்ளாடை உட்பட, இந்தப் பக்க அறையில் பூட்டி வைக்க வேண்டும். தலையோடு குளிக்க வேண்டும். குளியலறையின் மறுபக்கக் கதவைத் திறந்தால் பண்ணையின் உடுப்பு மடித்து வைத்திருக்கும்: வெளிர்நீலச் சட்டை, வெளிர்நீலக் கால்சட்டை.

"தோடும் மூக்குத்தியும் மட்டும் இருக்கலாமுங்க மேடம். அதையும் கழட்டச் சொன்னா ஊட்ல சண்டையாயிருதுங்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் கூடாதுங். கோழிக்கு நம்ம மேல நம்பிக்கையே இல்லீங்க" என்று மிகத் தீவிரமான முகத்தோடு சொன்னார். "ஒருக்கா வெளிய போயிட்டீங்கன்னா மறுபடி மூணு நாள் கழிச்சுத்தானுங் உள்ள வர முடியும். அதுனால என்ன கேக்கறதுன்னாலும் இப்பவே கேட்டுப்போடுங்க."

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் தரையோடு தரையாக ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் ஊதா நிறத்தில் பர்மாங்கனேட் கரைசல். காலை அதில் நனைத்து, பக்கத்து வாளியில் கையை நனைத்து, அந்தக் கொட்டகைக்கென்று இருக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஈரமாக இருக்கும்போது கத்தரிப்பூ நிறம். காய்ந்தால் பழுப்பு. அங்கே வேலை செய்பவர்களின் நகக்கண்களெல்லாம் பழுப்பு. அன்று என் விரல்களும் அப்படி ஆகியிருந்தன.

பூட்ஸ் மாட்டுவதற்காகத் தொட்டியின் திண்டில் உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. திண்டு ஈரமாக இருந்ததா என்பது நினைவில்லை. கட்டுரைக்காகக் கூரையின் தகரம், தீவனத் தொட்டியின் நிறம், சேவல்களின் கொண்டை என்று எல்லாவற்றையும் பார்த்து மனத்தில் பதித்தவள், உட்கார்ந்த இடத்தைப் பார்க்கவில்லை.

அடர்நிறம்

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், பல வருஷங்களுக்கு முந்தைய காவிரி வெள்ளம் பற்றி எழுதியிருந்தேன். ஜேடர்பாளையம் தடுப்பணைக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நாள் முழுவதும் நின்று செய்தி சேகரித்த கதை. அதைப் படித்த வாசகி ஒருவர், "எல்லாம் எழுதினீங்க, அந்த மூணு நாளா இருந்தா என்ன செய்வீங்கன்னு மட்டும் எழுதலியே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அன்று அந்த மூன்று நாட்களில் ஒன்றுதான்.

என்ன செய்தேன் என்றால், கறுப்புச் சுடிதார் உடுத்தியிருந்தேன். அவ்வளவுதான்.

வெளியூர் வேலை என்றால் அலமாரியில் கை தானாக அடர்நிறத்துக்குப் போகும். கறுப்பு, அரக்கு, கரும்பச்சை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போகும் சாலையில் எந்தப் பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டு, எதில் சாவியை ஆண் ஊழியரிடம் கேட்டு வாங்க வேண்டும், எதில் அந்தச் சாவி எப்போதுமே "இப்பதான் ஒருத்தரு எடுத்துட்டுப் போனாரு" என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தொகுதி நிலவரம்கூட எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லை.

கைப்பையின் அடியில் ஒரு ஜிப் அறை. அதில் எப்போதும் ஒரு நாப்கின் பொட்டலம். பை மாறும், வேலை செய்யும் பத்திரிகை மாறும், அந்த அறையின் உள்ளடக்கம் மாறாது.

மருந்துக்கடைகளில் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். ஒரு முறை பரமத்தி வேலூரில் வாங்கிப் பிரித்தபோது, சுற்றியிருந்த தாளில் நான் எழுதிய செய்தியே இருந்தது. வெல்ல மண்டி பற்றியது. கீழே என் பெயர். எழுதியவளை எழுதியதைக் கொண்டே மறைத்துக் கொடுத்திருந்தார் அந்தக் கடைக்காரர். ஒரு எழுத்துப்பிழை இருந்ததையும் கவனித்தேன்.

குலதெய்வக் கோயிலுக்கு வேனில் போகும்போது இன்னொரு ஏற்பாடு. தள்ளிப்போடும் மாத்திரை. முதல் நாளே ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்து அட்டையாக வாங்கிவிடுவாள். பின் இருக்கையில் புளிப்பு மிட்டாயும் மாத்திரையும் ஒரே கையிலிருந்து சுற்றி வரும். "உனக்கு வேணுமா? எதுக்கும் ஒண்ணு போட்டுக்க" என்பார்கள். எதற்கும் என்றால் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர்களில் சிலருக்கு அடுத்து எப்போது வரும் என்பது தெய்வத்துக்கும் தெரியாமல் போகும்.

அம்மாவுக்கு மாத்திரையும் இல்லை, நாப்கினும் இல்லை. பழைய அரக்குச் சேலையைக் கிழித்து மடித்து, இடுப்பில் ஒரு நாடா கட்டி அதில் சொருகிக்கொள்வார். உறவு வீட்டில் கல்யாணம் என்றால் அந்தத் துணிகளைப் பையின் அடியில் வைத்து, மேலே வெற்றிலைக் கட்டை வைத்து எடுத்துப்போவார். இரவு தங்கச் சொன்னால் தங்க மாட்டார். "மாடு கறக்கணுமுங்க" என்று கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் மாடு இல்லாத வருஷங்களிலும் அதையே சொன்னார்.

ஆக எங்கள் வீட்டுப் பெண்களின் பிரயாணத் திறமை என்பது ஒன்றே ஒன்று. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. எங்களுக்கே தெரியாத அளவுக்குக் கறையை மறைப்பது.

நின்று ஒரு வருஷம் முடிந்ததும் அந்த ஜிப் அறையைக் காலி செய்தேன். மீதமிருந்த பொட்டலத்தைத் தங்கை மகள் சிந்துவிடம் கொடுத்தேன். திருச்செங்கோட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

"என்ன பெரியம்மா, கிஃப்ட்டா?"

"சொத்து எழுதி வைக்கிறேன்னு வெச்சுக்கோ."

"நகைய எழுதி வைங்கன்னா இத எழுதி வைக்கிறீங்க" என்றாள்.

அந்த அறையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தேன். அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

சித்தி சிரித்தது

மருத்துவர் சொன்ன எச்சரிக்கை எனக்குப் புதிதல்ல. அதைச் சித்தியிடம் சொல்ல அப்போது யாரும் இல்லை.

அம்மாவின் தங்கை ஜேடர்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார்கள். எது நடந்தாலும் முதலில் சிரிப்பவர் சித்தி. அவருக்கு நின்றுபோய்ப் பல வருஷம் கழித்து, பெண்களெல்லாம் சேர்ந்து பேருந்து பிடித்து ராமேஸ்வரம் போனார்கள். நானும் போயிருந்தேன். வழியில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் சித்தி அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு அது ரகசியமாக இருக்கவில்லை.

"அக்கா, போனது திரும்பி வந்துருச்சு பாரேன்!"

பேருந்தே சிரித்தது. "மாமனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கடி" என்றார் ஒருத்தர். "கொமரி ஆயிட்டா, மறுபடி சீர் செய்யோணும்" என்றார் இன்னொருத்தர். சித்திதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். யாரோ ஒரு துணி கொடுத்தார்கள். கோயிலுக்குள் வர முடியாது என்று சித்தி வெளியிலேயே உட்கார்ந்து எங்கள் செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டார். நாங்கள் தீர்த்தமாடிவிட்டு ஈரத்தோடு வந்தபோது வேர்க்கடலை வாங்கி வைத்திருந்தார்.

அதன் பிறகு விட்டு விட்டுப் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அடர்நிறச் சேலைகளில் அது யாருக்கும் தெரியவில்லை. சேலத்துக்குக் கூட்டி வந்தபோது மருத்துவர்கள் சித்தப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஜேடர்பாளையத்தில் கூட்டம் அலைமோதியது. சித்தி இல்லை.

கொட்டகையில் "திரும்பாதீங்க" என்று சாந்தி சொன்ன அந்த நிமிஷத்தில் எனக்கு வேர்க்கடலை வாசம் வந்தது. அங்கே இருந்தது கோழி எச்சத்தின் நெடி மட்டும்தான்.

இரண்டு சாட்சிகள்

கழிப்பறை, கொட்டகைகளுக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்பில். சாந்தியும் தனமும் அங்கேயே தங்கி வேலை செய்பவர்கள். தனம் எனக்கு முன்னால் நடந்தாள். சாந்தி எனக்குப் பின்னால், என் குதிகாலை மிதித்துவிடும் நெருக்கத்தில், ரயில்பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தார். முருகேசன் பார்த்துவிட்டார்.

"என்னுங் மேடம், அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா?"

"மேடத்துக்குத் தண்ணி வேணுமாமுங்" என்றார் சாந்தி.

"தண்ணிதான் அங்கயே இருக்குதே சாந்தி?"

"சுடுதண்ணிங்!"

அந்த வெயிலில் எதற்குச் சுடுதண்ணீர் என்று முருகேசன் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் மூலை திரும்பியிருந்தோம்.

கழிப்பறைக்குள் ஒரு சின்ன ஜன்னல். அதன் வெளிச்சத்தில் கால்சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளங்கையில் பாதி அளவுக்குக் கறை. பழுப்பு. உள்பக்கமும் பழுப்பு, வெளிப்பக்கமும் பழுப்பு. உள்ளாடை இல்லாததால் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனது என்று சொல்ல முடியவில்லை. உடம்பை விரலால் தொட்டுப் பார்த்தேன். விரல் பழுப்பாக இருந்தது. அது முன்பே பழுப்பு. அடிவயிற்றில் ஒரு கனம் இருந்தது. சேலத்தில் பேருந்து ஏறியதிலிருந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு வந்தவளுக்கு அந்தக் கனம் இருக்கத்தான் செய்யும். முப்பது வருஷப் பழக்கம். காரணம் இல்லாமலே தொடர்கிறது.

"அக்கா, அதக் குடுங்க" என்று கதவிடுக்கில் சாந்தியின் கை வந்தது. கால்சட்டையைக் கொடுத்தேன். பதிலுக்கு வேறொரு கால்சட்டையும், மடித்த துணியும், ஒரு நாடாவும் வந்தன. சாந்தி நாப்கின் வைத்துக்கொள்வதில்லை. துணிதான். பழைய சேலைத் துணி, அரக்கு நிறம். அம்மா கட்டுவதைப் பார்த்திருக்கிறேனே தவிர நான் கட்டியதில்லை. ஆனாலும் கைக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்தபோது தனம் எங்கிருந்தோ பாதி எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்தாள்.

"அக்கா, அந்த பேன்ட்டக் குடுங்க. இதத் தேச்சாப் போதும். பர்மாங்கனேட்டுன்னா அப்பவே வெளுத்துரும். ரத்தம்னா வெளுக்காது. நாங்க வெரல் கறைய இப்படித்தானுங் எடுப்போம்."

எனக்கு உயிர் வந்தது. எளிய சோதனை, கண்முன் முடிவு. ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

"பேன்ட் எங்கங்க?" என்று சாந்தியிடம் கேட்டேன்.

சாந்தி திரும்பி, சுவரோரம் இருந்த நீல டிரம்மைக் காட்டினார். பண்ணையில் கழற்றிய உடுப்பு எதையும் தரையில் வைக்கக் கூடாது. கழற்றியவுடன், எந்தக் கறையையும் எடுத்துவிடும் கிருமிநாசினி டிரம்முக்குள் முக்கிவிட வேண்டும். அதை அவர் செய்திருந்தார். முக்குவதற்கு முன் சோப்புப் போட்டு நன்றாகக் கசக்கியும் விட்டிருந்தார்.

"அய்யோ சாந்தியக்கா, அதுக்குள்ள முக்கிட்டீங்களா?"

"பின்ன? ஆம்பளைங்க போற வார எடத்துல தொங்கப் போட்டு வெக்கறதா? விருந்தாளி மானத்தக் காப்பாத்தினா என்னயே திட்டறா பாரு."

"அது ரத்தமா இல்லியான்னு பாக்கோணுமில்ல?"

"அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? வந்துச்சு, தொவச்சாச்சு."

டிரம்முக்குள் கையை விட்டுக் கால்சட்டையை வெளியே எடுத்தோம். சுத்தமான வெளிர்நீலம். மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு கறை இருந்த இடத்தைத் தேடினோம். எந்தக் கால்பக்கம் என்பதிலேயே இருவருக்கும் கருத்து வேறுபாடு.

நான் வேலை கற்ற பத்திரிகையில் ஒரு செய்தி ஆசிரியர் இருந்தார். இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொல்லாமல் எந்தத் தகவலையும் அச்சுக்கு விட மாட்டார். எனக்கு இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். கண்ணால் பார்த்தவர்கள். ஒருவர் ரத்தம் என்றார், ஒருவர் பர்மாங்கனேட் என்றார். தடயத்தைச் சோப்புப் போட்டுத் துவைத்தாகிவிட்டது.

"சாந்தி, நீங்க எதை வெச்சு ரத்தம்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கறை இருந்த எடத்த வெச்சுத்தானுங். வேற எங்க படும்?"

"தனம், நீ?"

"அந்தத் திண்டு எந்நேரமும் ஈரமாத்தான் கெடக்குதுங்க்கா."

"இன்னிக்கு ஈரமா இருந்துதா? பாத்தியா?"

தனம் யோசித்தாள். "எந்நேரமும் இருக்குமுங்" என்றாள் மறுபடியும், கொஞ்சம் தணிந்து.

அரக்குத் துணி

நான் மீண்டும் கொட்டகைக்குப் போனேன். வெளியே போனால் திரும்ப மூன்று நாள். கட்டுரைக்கு வேண்டியது பாதிகூட எடுக்கவில்லை. முட்டை தரம் பிரிப்பதைப் பார்த்தேன், கால்நடை மருத்துவரிடம் கேள்வி கேட்டேன், பண்ணையில் தந்த தாளில் பதில்களை எழுதினேன். பின்னால் அச்சில் வந்தபோது அதில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. எப்படி என்று எனக்கே புரியவில்லை. அன்று என் கவனம் முழுக்க இடுப்பு நாடாவில்தான் இருந்தது.

திரும்பும்போது மறுபடி குளியலறை. துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். அரக்கு. ஈரமாக இருந்தது. வியர்வையாக இருக்கலாம். விரித்தேன், மடித்தேன், சாய்த்துப் பார்த்தேன். கறை தெரியக் கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த நிறம் அது. தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வெள்ளைத் துணி ஒரு முழம் கிடைத்திருந்தால் போதும். வாழ்நாளில் முதல் முறையாகக் கறை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு நாள் அது தெரியவில்லை.

உபயோகித்த துணியை எரிகுழியில் போட வேண்டும் என்பது விதி. போட்டுவிட்டு வந்தேன்.

நாமக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் நாப்கின் வாங்கினேன். கடைப்பையன் வழக்கம்போலச் செய்தித்தாளைத் தேடினான். "சுத்த வேண்டாம், அப்படியே குடுப்பா" என்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுச் சுற்றித்தான் கொடுத்தான்.

சேலம் வந்து சேர்ந்து வீட்டு விளக்கில் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. மறுநாளும் வெள்ளை. அதற்கு மறுநாளும். ரத்தம் இல்லை என்பதற்கு அது சாட்சியா? சித்திக்கும் விட்டு விட்டுத்தான் பட்டது. விரல்களில் எலுமிச்சம்பழம் தேய்த்தேன். தனம் சொன்னது சரி, பழுப்பு அப்போதே வெளுத்தது. கால்சட்டையில் செய்திருக்க வேண்டிய சோதனையைக் கையில் செய்து பார்த்து ஒரு பயனும் இல்லை என்பது தெரிந்தேதான் செய்தேன்.

கட்டம்

அஸ்தம்பட்டி மருத்துவமனை வரவேற்பில் கணினி முன் ஒரு பெண். வழக்கமான கேள்வி. பன்னிரண்டு வயதிலிருந்து எந்த மருத்துவமனைக்கு எதற்காகப் போனாலும், பல்வலிக்குப் போனாலும்கூட, கேட்கப்படும் கேள்வி.

"கடைசியா எப்பங்க தலைக்குக் குளிச்சீங்க?"

"தெரியலைங்க."

"தோராயமாச் சொன்னாப் போதுமுங்க."

"தோராயம்னா ரெண்டு தேதி இருக்கு. ஒண்ணு போன வருஷம். இன்னொண்ணு போன வாரம்."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "போன வாரம் வந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தாங்க வந்திருக்கேன்."

"ரெண்டும் போட முடியாதுங்க. ஒரு கட்டந்தான் இருக்குது. காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது."

எனக்குப் பின்னால் வரிசை. கைக்குழந்தையோடு ஒரு பெண் பெருமூச்சு விட்டார். போன வருஷத்துத் தேதி உறுதியானது, நானே பார்த்தது. அதைச் சொன்னால் நான் எல்லாம் முடிந்த ஒரு பெண். ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிடக்கூடும். போன வாரத் தேதிக்கு ஆதாரம் இல்லை. இரண்டு சாட்சிகளில் ஒருவர் மறுக்கிறார். எந்தச் செய்தி ஆசிரியரும் அதை அச்சுக்கு விட மாட்டார்.

பேருந்தில் சித்தியோடு சேர்ந்து சிரித்த நினைவு வந்தது.

"போன வாரம்னு போடுங்க" என்றேன்.

மருத்துவரிடம் பண்ணைக் கதையை முழுக்கச் சொன்னேன். எலுமிச்சம்பழம் வரும் இடத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு, "ரத்தம்தானா?" என்று கேட்டார்.

"தெரியல டாக்டர்."

"தெரியலைன்னா ரத்தம்னு வெச்சுக்கிட்டுத்தான் பார்க்கணும்."

ஸ்கேன் எடுத்தார்கள். அதோடு விடாமல் ஒரு துளி திசுவும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சமைத்தேன், சாப்பிட்டேன். முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எல்லாம் இயல்பாக இருக்கிறது.

"அப்ப அது பர்மாங்கனேட்தானா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. சில பேருக்குக் காரணமே இல்லாமக்கூட ஒரு தடவை படும்."

"அப்ப ரத்தமா?"

"அப்படியும் சொல்ல முடியாது. இன்னிலிருந்து மறுபடி ஒரு வருஷம் கவனிங்க. திரும்பப் பட்டா உடனே வாங்க."

ஆக, ஒரு கோழிப்பண்ணையின் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்ததற்காக, அல்லது அதற்காக இல்லாமலே, முடிந்துபோன என் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

கட்டுரை வெளிவந்ததும் தனம் பண்ணைக்குள் இருக்கும் தொலைபேசியிலிருந்து போன் செய்தாள். முருகேசன் படித்துக் காட்டினாராம்.

"அக்கா, டாக்டர் என்னங்க்கா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க தனம்."

"பாத்தீங்களா! பர்மாங்கனேட்டுன்னு நான் அப்பவே சொன்னனுங்ல்ல?"

பின்னால் கோழிகளின் இரைச்சல். அதையும் மீறிச் சாந்தியின் குரல் கேட்டது. "நோவு இல்லீன்னா ரத்தம் இல்லீன்னு அர்த்தமா புள்ள? இந்தா, போனக் குடு இங்க..."

சாந்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனம் சொல்வதிலும்தான்.

மூக்குக்கண்ணாடிக் கூட்டை அந்த ஜிப் அறையிலிருந்து எடுத்துவிட்டேன். நாப்கின் பொட்டலம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒன்றுதான் மாறியிருக்கிறது. வெளியூர் போகும் நாளில் கை பழக்கத்தால் கறுப்பை எடுக்கும். எடுத்ததை மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன். இந்த வருஷம் முழுவதும் வெள்ளைச் சுடிதாரில்தான் பேருந்து ஏறுகிறேன். பட்டால் தெரியட்டும்.